முறைப்பெயர் இழக்கும் மழலையர்

ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடையில், அரக்கோணம் செல்லும் தொடர்வண்டித் தடத்தின்மேல் அமைந்த ஊர் நெமிலிச்சேரி. வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலை இவ்வூரைத் தொட்டு மீஞ்சூர் நோக்கித் திரும்புகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடிப் போரூர்தி ஆலைக்கும் வேலைக்குப் போவோர், 2024-இல் பட்டாபிராமில் திறக்கப்பெற்ற 21 மாடித் தைடல் பூங்காவை நம்பி மனை வாங்கியோர், வடமாவட்டங்களினின்றும் தென்மாவட்டங்களினின்றும் பிழைக்க வந்தோர் எனப் பலவூர் மக்கள் இன்று இப்பகுதியின் மனைப்பிரிவுகளில் குடியிருக்கின்றனர். காலை எட்டு மணிக்கு இத்தெருக்களில் நிற்பவர் எவர் காதிலும் ஒரு சொல் ஓயாது வந்து விழும். பள்ளித் தானியை ஓட்டுபவர் ‘அங்கிள்’. பால் கொணர்பவர் ‘அங்கிள்’. எதிர்வீட்டுக்காரர் ‘அங்கிள்’. ஊரினின்று வந்து திண்ணையில் அமர்ந்திருக்கும் தந்தையின் தம்பியும் ‘அங்கிள்’. அவருக்கு நீர்மோர் கொடுத்து நலம் கேட்கும் தாயின் அண்ணனும் அதே ‘அங்கிள்’.

கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் முகம் மலர்கிறது. பிள்ளை ஆங்கிலம் பேசுகிறதாம்!

ஊர்ப்பெயரின் ஈற்றிலே நிற்கும் ‘சேரி’ என்னும் சொல்லை இத்தெருவில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. கழக நூல்களில் எல்லா மக்களின் குடியிருப்புக்கும் பொதுவாய் நின்ற அச்சொல்லைப் பின்வந்த சாதிக் கொடுமை ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்கு மட்டுமாய்ச் சுருக்கி இழிவுபடுத்திவிட்டது. சொல்லைச் சுருக்கினால் வாழ்வும் சுருங்கும் என்பதற்கு ஊர்ப்பெயரே கரியாக நிற்க, அவ்வூர்த் தெருவிலேயே உறவுச் சொற்கள் ஒவ்வொன்றாய்ச் சுருங்கி வருகின்றன.

ஒரு சொல் போய் இன்னொரு சொல் வந்தது. இதிலென்ன இழப்பு என வினவுவோர் உளர். ஒரு சொல் போய் ஒரு சொல் வந்திருந்தால் அவ்வினாவுக்குப் பொருளுண்டு. இங்கே சிற்றப்பன், பெரியப்பன், மாமன், சிற்றன்னையின் கணவன், அத்தையின் கணவன், முன்பின் அறியாத வழிப்போக்கன் என ஆறு பேர் போய் ஒருவர் வந்திருக்கிறார். அத்தை, சித்தி, பெரியம்மை, மாமி என்னும் நால்வர் போய் ‘ஆண்ட்டி’ ஒருத்தி வந்திருக்கிறாள். சிற்றப்பன் மகனும் மாமன் மகனும் ‘கசின்’ ஆயினர். அச்சொல் ஆணா பெண்ணா எனவும் காட்டாமையின், ‘கசின் பிரதர்’ என்று ஓர் ஒட்டுச் சொல்லைத் தாமே கட்டிக்கொண்டு திரிகின்றனர் தமிழ் இளைஞர். ஆங்கிலேயனுக்கே விளங்காத ஆங்கிலம் இது.

இனி, வகுப்பறைக்குள் புகுந்து பார்க்கலாம். மழலையர் பள்ளிச் சுவர்களில் ஒரு வண்ணப்படம் தொங்கும். தந்தை, தாய், மகன், மகள் என நால்வர் ஒரே அளவாய்ச் சிரித்துக்கொண்டு நிற்பர். மேலே ‘மை பேமிலி’ என்றிருக்கும். அதனடியில் அமர்ந்து, ‘நவுன்’ என்றால் ‘நேமிங் வேர்ட்’, ‘ப்ரோநவுன்’ என்றால் ‘நவுனுக்குப் பதிலாக வருவது’ என்று நான்கு அகவைப் பிள்ளைகள் உருப்போடுவர். நவுன் என்பது யாது என ஆங்கிலப் பிள்ளைக்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அச்சொல் இலத்தீனத்தினின்று பிரெஞ்சு வழியே வந்த இரவற்சொல் ஆகலின், கேட்ட அளவில் அதற்குப் பொருள் விளங்காது. தமிழ்ப் பிள்ளைக்கு அவ்விளக்கமே வேண்டா. பெயர்ச்சொல் என்பதில் பெயர் இருக்கிறது. ‘உன் பெயர் என்ன?’ என்று கேட்டால் மூன்று அகவைக் குழந்தையும் விடை சொல்லும். இலக்கணக் கலைச்சொல்லும் அடுப்பங்கரைச் சொல்லும் ஒன்றாயிருக்கும் பேறு எத்தனை மொழிக்கு வாய்த்தது? வாய்த்ததைப் பூட்டி வைத்துவிட்டு, இரவல் மொழியின் இரவல் விளக்கத்தைப் பிள்ளையின் நாவில் திணிப்பதற்குக் கட்டணமும் கொடுக்கின்றனர் தமிழர்.

ஆயினும் பழியெல்லாம் ஆங்கிலப் பள்ளியின்மேல் சுமத்திவிட்டுத் தமிழாசிரியர் தப்பிவிட இயலாது. தமிழ்ப் பாடவேளையில் நடப்பதென்ன? பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என அறுவகைப் பெயரை வாய்பாடாக ஒப்பிக்கச் செய்கின்றனர். அம்மை, அப்பன், அக்கை, மாமன் என்பன எவ்வகை என ஒரு பிள்ளை கேட்டால், ‘பொருட்பெயர்’ என்று கூறி வாயடைத்து விடுகின்றனர். மக்களும் மரப்பலகையும் ஒரே கூட்டில் அடைபட்டுப் போகின்றனர். முறைப்பெயர் என ஒரு வகை உண்டு என்பதை நன்னூலாரும் பொதுப்பெயர்களின்கீழ்ச் சொல்லியே இருக்கிறார்; பள்ளி இலக்கணம் அதுவரை போவதில்லை. குழந்தை முதன்முதல் பேசும் பெயர்கள் முறைப்பெயர்களே. அவற்றை விட்டுவிட்டு அதற்குக் காலப்பெயரும் தொழிற்பெயரும் கற்பிப்பது, தாயை அறியாப் பிள்ளைக்கு ஊர் எல்லை காட்டுவது போலாகும்.

தொல்காப்பியர் இப்பிழையைச் செய்யவில்லை. சொல்லதிகாரத்துப் பெயரியலில், உயர்திணை அஃறிணை இரண்டுக்கும் பொதுவாய் வரும் விரவுப்பெயர்களைத் தொகுக்குமிடத்து, இயற்பெயர், சினைப்பெயர் முதலியவற்றை அடுத்து முறைப்பெயரை வைத்தார். அந்நூற்பாவிலேயே நீ, நீயிர், தான், தாம், எல்லாம் என்பவற்றையும் உடன் வைத்தார். குடும்ப உறவைக் குறிக்கும் பெயரும், இன்று ‘ப்ரோநவுன்’ என்று பிரித்துக் காட்டப்படும் பெயரும் ஒரே நூற்பாவில் தோளோடு தோள் நிற்கின்றன. முறைப்பெயர் இரு திணைக்கும் பொதுவாதல் எவ்வாறு? தாய் வந்தாள் என்றால் அம்மை. தாய் வந்தது என்றால் ஆவோ கோழியோ. கன்றுக்கும் தாய் உண்டு, குஞ்சுக்கும் தாய் உண்டு என்பதை இரண்டே தொடரில் பிள்ளைக்குக் காட்டிவிடலாம். திணை வேறுபாடும், வினைமுற்றின் ஈறும், உயிர்களின்பால் உறவுணர்வும் ஒரே பாடத்தில் அடங்கும். எந்த ஆங்கில மழலைப் பாடத்தில் இம்மூன்றும் ஒருங்கே உள்ளன?

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. என் தந்தை எந்தை. உன் தந்தை நுந்தை. அவன் அல்லது அவள் தந்தையே தந்தை. என் தாய் யாய். உன் தாய் ஞாய். அவர்தம் தாயே தாய். எம்பி, நும்பி, தம்பி; எங்கை, நுங்கை, தங்கை என இவ்வொழுங்கு தொடர்கிறது. தமையன், தமக்கை என்பவற்றின் முதலிலும் அந்தத் ‘தம்’ இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடமும் உறவும் ஒரே சொல்லுக்குள் கருவும் உருவுமாய்க் கலந்து கிடக்கின்றன. குறுந்தொகையிலே யாயும் ஞாயும் வருகின்றனர். கம்பர் காலத்திலும் எம்பி வழங்கிற்று. ஞாய் என்ற சொல் வழக்கிறந்து, படர்க்கைக்குரிய தாய் ஒன்றே மூவிடத்துக்கும் பொதுவாகிவிட்டது. ஆகவே இன்று ‘என் தம்பி’ என்று சொல்லும் ஒவ்வொரு தமிழனும், சொல்லின் பிறப்பை நோக்கினால், ‘என்னுடைய அவருடைய இளவல்’ என்கிறான்! பிள்ளைகளிடம் இதனைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பர், பிறகு மறவார்.

நுந்தை என்னும் சொல்லுக்கு இன்னுமொரு சிறப்புண்டு. குற்றியலுகரம் சொல்லின் ஈற்றில்தான் வரும் எனப் பள்ளியில் கற்பிக்கின்றனர். சொல்லின் முதலிலும் அது வருவது நுந்தை என்னும் இம்முறைப்பெயரில் என்பதனை எழுத்ததிகார மொழிமரபிலே தொல்காப்பியர் தனியே எடுத்தோதினார். தன்முன் நிற்பவனின் தந்தையைச் சுட்ட ஒரு சொல். அதற்கென ஓர் ஒலி. அவ்வொலிக்கென ஒரு விதி. உறவை இவ்வளவு கருத்தாய்ப் பேணிய மொழிக்கு உரியவர்களா, தெருவோடு போகிறவனையும் தந்தையின் தம்பியையும் ஒரு சொல்லில் அடைக்கின்றனர்?

‘ப்ரோநவுன்’ என்பதன் வரலாற்றையும் ஒரு சிறிது பார்த்தல் நன்று. கிரேக்க இலக்கணத்தார் சொற்களை எட்டாகப் பகுத்து, பெயருக்கு மாற்றாய் வருவது எனத் தனியே ஒன்றை வைத்தனர். இலத்தீனத்தார் அதனை மொழிபெயர்த்தனர். ஆங்கிலத்தார் இலத்தீனத்தை எடுத்துக்கொண்டனர். அதனைப் பார்த்து எழுதிய பள்ளி இலக்கணங்கள் ‘பிரதிப்பெயர்’ என வடமொழி முன்னொட்டை ஒட்டித் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தந்தன. தொல்காப்பியத்தில் சொல் பெயர், வினை என இரண்டே. இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருவன. அவன், அவள், அது என்பன சுட்டுப்பெயர்; யாவன், யாது என்பன வினாப்பெயர்; நீயும் நானும் பெயரே. இவை எவற்றுக்கும் பதிலாளாய் வந்தவை அல்ல. ‘நான்’ என்று ஒரு குழந்தை சொல்லும்போது, அது தன் பெயருக்குப் பதிலாகவா சொல்கிறது? தன்னையே அன்றோ சொல்கிறது! அ, இ, எ என்னும் மூன்று எழுத்தை விரல் நீட்டிக் காட்டினால் அவன், இவன், எவன். அங்கு, இங்கு, எங்கு. அப்படி, இப்படி, எப்படி என முழுக் குடும்பமும் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். அதற்கு ஒரு கலைச்சொல்லும் தேவையில்லை. தனித்தமிழ் அன்பர் சிலர், ஆங்கிலக் கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் நெடிய தமிழ்க் கலைச்சொல் புனைந்து ஐந்து அகவைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதுகின்றனர். அஃதும் சுமையே. தமிழ்ச்சுமை என்பதனால் எடை குறைந்துவிடாது.

இடப்பெயர்களுள் குடும்பத்தை முழுதாய் விளக்கிக் காட்டுவது நாம், நாங்கள் என்னும் இணையே. வந்த விருந்தினரிடம் ‘எங்கள் வீடு’ என்னும் பிள்ளை, பாட்டியிடம் ‘நம் வீடு’ என்கிறது. எவரும் அதற்குக் கற்பிக்கவில்லை. கேட்பவரை உள்ளே சேர்ப்பதா, வெளியே நிறுத்துவதா என்பதை ஒரு சொல் வேறுபாட்டால் அது தெரிவித்துவிடுகிறது. யாம், நாம் எனப் பண்டையோர் வழங்கிய இவ்வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை; இந்தியில் இல்லை; தேவமொழி எனத் தலைமேல் தூக்கப்படும் சமற்கிருதத்திலும் இல்லை. தெலுங்கிலும் மலையாளத்திலும் உண்டு. மராத்தியும் குசராத்தியும் இதனைப் பெற்றது திராவிடத் தொடர்பால் என்பர் மொழிநூலார். கன்னடமோ பழங்காலத்தில் பெற்றிருந்து இக்காலத்தில் இழந்துவிட்டது. இழப்பது எளிது என்பதற்கு அண்டைவீடே எடுத்துக்காட்டு. ‘வீ’ என்னும் ஒரே சொல்லில் ஐந்தாண்டு பழகிய பிள்ளைக்கு, நாமும் நாங்களும் ஒன்றுபோலவே ஒலிக்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை.

தமிழ் உறவுமுறையின் அருமையைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல அமெரிக்கர் ஒருவர் வேண்டியிருந்தது. நியூயார்க்கு மாநிலத்து வழக்கறிஞர் இலூயி என்றி மார்கன், தம் நாட்டுச் செனக்கா பழங்குடியினர் தந்தையின் உடன்பிறந்தானையும் தந்தை என்றே அழைப்பது கண்டு வியந்து, பிற நாட்டு வழக்குகளையும் திரட்டினார். தென்னாட்டில் பணியாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளர் வழியாகத் தமிழ், தெலுங்கு உறவுப்பெயர்ப் பட்டியல் அவர் கைக்கு எட்டியபோது அவரால் நம்ப முடியவில்லை. சிறிய தந்தையும் பெரிய தந்தையும் தந்தையரே. சிறிய தாயும் பெரிய தாயும் தாயரே. அத்தையும் மாமனும் மட்டுமே வேறு வரிசை. இதனால் அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவினின்று வந்தோர் என்பது உறுதியாயிற்று என அவர் கருதியது பிழை. ஆயினும் 1871-இல் வெளியான அவரது பெருநூல் மாந்தவியலில் உறவுமுறை ஆய்வு என ஒரு துறையையே தோற்றுவித்தது. 1953-இல் பிரெஞ்சு நாட்டறிஞர் இலூயி துய்மோன், இச்சொற்கள் திருமண உறவின் கட்டமைப்பையே காட்டுவன என எழுதினார். இன்றும் உலகப் பல்கலைக்கழகங்களில் இதற்குத் ‘திராவிட உறவுமுறை’ என்றே பெயர். உலகம் பாடம் படிக்கும் அமைப்பை, அதற்குரியவர் பிள்ளைகள் மழலையர் பள்ளி வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகின்றனர்.

‘அங்கிள்’ என்னும் சொல்லின் பிறப்பைக் கேட்டால் அதனைப் போற்றுவோர் நாணுவர். இலத்தீன மொழியிலே தந்தையின் உடன்பிறந்தானுக்கு ஒரு சொல், தாயின் உடன்பிறந்தானுக்கு வேறொரு சொல். தந்தையின் தங்கைக்கு ஒன்று, தாயின் தங்கைக்கு மற்றொன்று. அவற்றுள் தாய்மாமனைக் குறித்த அவுங்குலுசு என்னும் சொல்லே பிரெஞ்சில் தேய்ந்து அங்கிள் ஆயிற்று. அத்தையைக் குறித்த அமித்தா என்பதே ‘ஆண்ட்’ ஆயிற்று. பழைய ஆங்கிலத்திலும் சிற்றப்பனுக்கும் மாமனுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. தாய்மாமனை ‘ஏயாம்’ என்றழைத்தனர். 1066-இல் நார்மனியர் இங்கிலாந்தை வென்று பிரெஞ்சைக் கோலோச்ச விட்டனர். அரசவை மொழியைப் பேசுவது பெருமையெனக் கருதிய ஆங்கிலக் குடிகள் காலப்போக்கில் தம் உறவுச் சொற்களை இழந்து, ஆண்டவர் சொல்லைத் தம் வீட்டுக்குள் விட்டனர். ஆக, அங்கிள் என்பது ஓர் அடிமைப்பட்ட மக்களின் வடு. அவ்வடுவை விலை கொடுத்து வாங்கித் தம் பிள்ளையின் முகத்தில் பச்சை குத்திக்கொள்கிறது இன்னோர் அடிமைப்பட்ட இனம்.

குடும்பம் என்பதைப் பற்றிய பாடமும் இவ்வாறே கோணிக் கிடக்கிறது. குடி என்பதன் வழிப்பட்டவை குடும்பும் குடும்பமும் என்பது தனித்தமிழ் வேர்ச்சொல்லாய்வார் துணிபு. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டு, குடும்புக்கு ஒருவராய்க் குடவோலை வழி தேர்ந்தெடுக்கப்பட்டமை காண்க. வீடும் ஊரும் ஒரே சொல்லின் கிளைகள். இதனை விட்டுவிட்டுத் தனிக்குடும்பம், கூட்டுக்குடும்பம் என இரண்டே வகை சொல்லி முடிக்கிறது பள்ளிப் பாடம். சுவரிலுள்ள நால்வர் படம் முதல் வகைக்கு. பாட்டனும் பாட்டியும் சேர்ந்தால் இரண்டாம் வகை. இப்படத்தைப் பார்க்கும் பிள்ளைகள் யார் யார்? தந்தை வளைகுடா நாட்டில் இருக்க, ஈராண்டுக்கு ஒருமுறை அவரைக் காணும் பிள்ளை. தாயொருத்தியே உழைத்து வளர்க்கும் பிள்ளை. பெற்றோர் இருவரையும் இழந்து அம்மையைப் பெற்ற பாட்டியிடம் வளரும் பிள்ளை. தந்தையின் இரண்டாம் மணத்தில் புதிய தாயைப் பெற்ற பிள்ளை. மகவு இல்லாதார் எடுத்து வளர்க்கும் பிள்ளை. ஒடியாவினின்றும் பீகாரினின்றும் வந்த தொழிலாளர் பிள்ளை. ‘உன் குடும்பத்தை வரை’ என்று ஆசிரியர் சொன்னவுடன் இவர்களுள் எத்தனை பேர் கை நடுங்காமல் எழுதுகோலை எடுப்பர்?

தமிழ் இவர்களைத் தலைகுனிய விட்டதில்லை. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். அக இலக்கியத்தில் இருவரும் தாயரே. செவிலியின் மகளே தலைவியின் தோழி. மாதவி பெற்ற மணிமேகலை, வஞ்சி நகர் புகுந்து கண்ணகியின் படிமத்தைத் தாயெனவே வணங்கினாள். ஈன்றவள் கைவிட, ஆவின் பாலுண்டு பிழைத்து, வேற்றார் ஒருவர் எடுத்து வளர்த்த ஆபுத்திரனைக் காப்பியத் தலைமாந்தருள் ஒருவனாக்கிய நாடு இது. திருநங்கையர் தமக்குள் தாய் மகள் என்னும் முறை கொண்டு வாழும் வீடுகளும் இம்மண்ணில் உள்ளன. அவ்வுறவுக்கும் தமிழ் முறைப்பெயரையே தந்திருக்கிறது. இத்தனை வகைக் குடும்பத்துக்கும் பெயர் வைத்திருக்கும் மொழியில் பாடம் நடத்துவோர், நால்வர் படத்தை மாட்டிவிட்டு ஏனைப் பிள்ளைகளை நாணச் செய்வது எத்தகைய கொடுமை!

அந்நால்வர் படம் எங்கிருந்து வந்தது? குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தின் அருகே ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சுவர்தோறும் எழுதினர். பின்னர் நமக்கு ஒருவர் என்றாயிற்று. அதில் வரும் ‘நாம்’ யார் என எவரும் கேட்கவில்லை. கணவனும் மனைவியும் மட்டுமே அந்த நாம். பாட்டிக்கு அதில் இடமில்லை. குழந்தை எண்ணிக்கையைக் குறைத்தது தவறென்று இங்குக் கூறவில்லை. தமிழ்ப் பெண்டிரின் உடல்நலமும் கல்வியும் அதனால் உயர்ந்தன. விளைவை மட்டும் எண்ணுக. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் மக்கள் 1.8. ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும் மணந்தால் அவர்தம் குழந்தைக்குச் சிற்றப்பனும் இல்லை, பெரியம்மையும் இல்லை, அத்தையும் இல்லை, மாமனும் இல்லை. குருதியுறவு மெலியும் காலத்தில் அச்சொற்கள் வாழ ஓர் இடமே எஞ்சியிருந்தது. அண்டை வீடு! வயதில் மூத்தவரைப் பெரியப்பா என்பதும், எதிர்வீட்டுப் பெண்ணை அக்கா என்பதும், காய்கறி விற்கும் முதியவளை ஆயா என்பதும் தமிழ்த் தெருவின் வழக்கம். அந்த ஒற்றை இடத்தையும் ‘அங்கிள்’, ‘ஆண்ட்டி’ இருவருக்கும் குடிக்கூலி இன்றிக் கொடுத்துவிட்டனர்.

ஏன் கொடுத்தனர்? ஆங்கில மயக்கம் ஒரு கரணியம். அதனினும் ஆழமானதொன்று உண்டு. அதனைச் சொல்லத் தமிழர் அஞ்சுகின்றனர். மாமன், அத்தை என்பன கொள்வினை கொடுப்பினைக்குரிய உறவுகள். வேறு சாதியைச் சேர்ந்த அண்டைவீட்டாரை மாமா என்று பிள்ளை அழைத்துவிட்டால், அவர் மகன் முறைமாப்பிள்ளை ஆகிவிடுவானே! அந்த அச்சத்துக்கு ‘அங்கிள்’ நல்ல மருந்து. எச்சாதிக்காரரையும் அழைக்கலாம், எவரோடும் முறை வந்துவிடாது. பெயரளவில் இது பண்பாடு. உள்ளே இருப்பது தீட்டு. சாதி கேளாமல் தெருவோரை அண்ணா என்றும் பெரியம்மா என்றும் மாமா என்றும் பிள்ளையை அழைக்கப் பழக்குவது, நூறு சாதியொழிப்பு மேடைகள் செய்யாததைச் செய்யும். தூய தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு சாதிக்குள்ளேயே முறை தேடும் தனித்தமிழர் சிலரும் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுவாராக.

சுட்டுப்பெயரும் இந்நோய்க்குத் தப்பவில்லை. மேலாளர் ‘அவர் வந்தார்’. தெருக் கூட்டுபவர் ‘அவன் வந்தான்’. வீட்டு வேலைக்கு வரும் மூதாட்டி ‘அவள்’. பிள்ளை இவ்விலக்கணத்தை எந்நூலிலும் படிக்கவில்லை. பெற்றோர் வாயில் படித்தது. வடமாவட்டத்து வழக்கில் ஆயா என்பது பாட்டி. மழலையர் பள்ளியிலோ, பிள்ளையின் கால்கழுவித் தரை துடைக்கும் பணிப்பெண்ணுக்கு ஆயா என்று பெயர். அது போர்ச்சுகீசியத்தினின்று வெள்ளையர் வீட்டுச் செவிலியர் வழியாய் வந்த சொல் என்பர். இரண்டும் ஒலியால் ஒன்றாகிவிட்டமையின், திருவள்ளூர்ச் சிற்றூரிலிருந்து வந்த பாட்டியை ஆயா என்றழைக்கப் பேரப்பிள்ளை கூச்சப்படுகிறது. இரு மூதாட்டியரும் ஒருங்கே இழிவுபடுகின்றனர்.

அரசு என்ன செய்தது? 1999-இல் தமிழறிஞர் உண்ணாநிலை இருந்து போராடியபின், அவ்வாண்டு நவம்பரில் ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழி என ஆணை பிறந்தது. 2000 ஏப்ரலில் சென்னை உயர்முறைமன்றம் அது செல்லாது என்றது. 2014-இல் கருநாடக வழக்கொன்றில் உச்ச முறைமன்றமும் தாய்மொழிவழிக் கல்வியை அரசு திணிக்கலாகாது எனத் தீர்த்தது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒரு பாடமாக மட்டும் காத்துத் தந்தது. அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. 2022 சூன் திங்களில் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பெற்றது. எட்டு அகவைக்குள் பிள்ளைகள் பிழையறப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் எதைப் படிக்க? எதை எழுத?

பயிற்றுமொழி வழக்கு முறைமன்றத்தில் தோற்றிருக்கலாம். முதல் வகுப்புத் தமிழ்ப் பாடவேளையை எந்த முறைமன்றமும் பறிக்கவில்லை. அந்த ஒரு வேளையில் ஆசிரியர் பிள்ளைகளை வட்டமாய் அமர்த்தி, ‘உன் வீட்டில் யார் யார்?’ என்று கேட்கட்டும். ஒரு பிள்ளை ஆத்தா என்னும். ஒன்று அம்மாயி என்னும். ஒன்று அப்பத்தா என்னும். ஒரு முசுலிம் பிள்ளை வாப்பா என்னும். ஒன்று நைனா என்னும். எதையும் திருத்த வேண்டா. கரும்பலகையில் அவற்றை எழுதி, யாருக்கு யார் என்ன முறை எனப் பிள்ளைகளையே கோடு இழுக்கச் செய்க. அவர் வருவார், அவர் சமைப்பார், எனத் தந்தைக்கும் தாய்க்கும் தோட்டிக்கும் ஒரே சுட்டுப்பெயரை இடச் செய்க. ‘நம் வகுப்பு’, ‘எங்கள் வீடு’ என இருவகைத் தொடரையும் சொல்லச் செய்க. இல்லாத உறவினரின் இடத்தை வெற்றிடமாய் விட்டு, அவ்விடத்தில் யாரை வைக்க விரும்புகிறது என அப்பிள்ளையையே கேட்க.

அந்நால்வர் படத்துக்கு மாற்றாக, நடுவில் பிள்ளையின் பெயருக்கு மட்டும் ஒரு வட்டமும், சுற்றிலும் பெயரெழுதாத கிளைகளும் உள்ள தாள் ஒன்றைத் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் அச்சிட்டுப் பள்ளிதோறும் தரலாம். அச்சுச் செலவு ஒரு பக்கமே. அடிப்பகுதியில் இடவேண்டிய முறைப்பெயர்கள் இருபதுக்கு மேல் வாரா. கழகம் தருமட்டும் காத்திராமல், இயக்கத்தார் தத்தம் ஊரில் அதனைக் கையால் வரைந்து, அண்மையிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பு ஆசிரியரிடம் கொண்டு சேர்க்கட்டும். நெமிலிச்சேரியைச் சூழ வாழ்வோர் வரும் பள்ளித் தொடக்கத்துக்கு முன்பே.